காரம் போடுமுன்

மலேசியாவில், கிள்ளான் என்ற ஊரில், கறி மாஸ்டராக இருந்த அம்மாவாசி பன்னிரண்டு வருஷம் கழித்துப் பொட்டிப்புரத்துக்கு வந்து இறங்கினான். இரண்டாயிரத்துப் பத்து, ஐப்பசி மாதம். போகும்போது வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தவன், வரும்போது சட்டைப் பித்தான் தெறிக்கிற தொந்தியோடு வந்தான். தெருவே கூடிவிட்டது. அவன் பெண்டாட்டி முருகம்மாள் இத்தனை வருஷம் தின்றாளா பட்டினி கிடந்தாளா என்று எட்டிப் பார்க்காத சனமெல்லாம் அன்றைக்கு அவள் வாசலில் நின்று, "என்னா மதினி, அண்ணன் வந்துட்டாக, இனி ஒனக்கு என்னா கொறை" என்று பல்லைக் காட்டியது. ஊர் அப்படித்தான். எழவுக்கு வராவிட்டாலும் சாக்லேட்டுக்கு வந்துவிடும்.

முருகம்மாள் அதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை. அவள் பூரித்துப் போயிருந்தாள், அதில் மறைக்க ஒன்றுமில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து மலைக்குப் போய், ஏலத் தோட்டத்தில் காயெடுத்துவிட்டு, பொழுது சாயத் திரும்புகிறவள் அவள். அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போகவில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். பெட்டியின் அடியில் கிடந்த சுங்கடிச் சேலையை எடுத்து உதறிக் கட்டிக்கொண்டாள்.

வந்த இரண்டாம் நாளே அம்மாவாசி பேச்சை எடுத்தான். முருகம்மாளின் அப்பன் கல்யாணத்தின்போது அவள் பேருக்கு எழுதி வைத்த பொட்டல் காடு ஒன்று மலையடிவாரத்தில் கிடந்தது. கல்லும் கத்தாழையுமாக இருந்த காடு. சும்மா தந்தாலும் வாங்க ஆளில்லாத அந்தக் காட்டுக்கு இப்போது மவுசு வந்திருந்தது. மலைக்கு அடியில் குடைந்து ஏதோ பெரிய ஆராய்ச்சி நடத்தப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. என்ன ஆராய்ச்சி என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வெள்ளைக் கார்கள் வந்து நின்று காட்டைப் பார்த்துவிட்டுப் போயின.

"அதை வித்துருவம்" என்றான் அம்மாவாசி. "எங்க மொதலாளிக்கு வயசாயிருச்சு, கடையக் குடுத்துர்றேங்குறாரு. அதை நான் எடுத்துக்கிட்டா நாமளே மொதலாளி. ஒன்னையும் கூட்டிட்டுப் போயிர்றேன். நீ கல்லாவுல ஒக்காந்துக்க, போதும்."

அவனுடைய அண்ணன் மொக்கைச்சாமி எல்லாவற்றையும் ஏற்கெனவே பேசி முடித்து வைத்திருந்தான். திங்கட்கிழமை காலையில் புரோக்கரின் கார் வரும், போடியில் பத்திர ஆபீசில் முருகம்மாள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

அந்தக் காடு அவளுக்குச் சோறு போட்ட காடு. புருஷனிடமிருந்து பணம் வராத வருஷங்களில் கம்பும் மொச்சையும் அதில்தான் விளைந்தன. மழை பெய்து ஜீப் போகாத நாள்களில் அவளைப் பட்டினி போடாமல் காத்தது அதுதான். அது போய்விட்டால், வயது ஏற ஏற மலை ஏறிக்கொண்டே இருப்பதைத் தவிர அவளுக்கு நாதியில்லை. இது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், "சரிங்க" என்றாள். புருஷனோடு ஒரு வீட்டில், ஒரு அடுப்பில் வாழ்கிற வாழ்வுக்கு முன் கத்தாழைக் காடு என்ன பெரிய காடு என்று நினைத்தாள். அப்படி நினைத்த அவளைக் கோட்டிக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்று பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

அவன் போவதற்கு முன்னால் அவர்கள் ஐந்து வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. குச்சனூர்க் கோயிலுக்குச் சனிக்கிழமை தவறாமல் போய் எள் விளக்குப் போட்டாள். தேனியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினாள். அந்த அம்மா எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "ஒங்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா, அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்று சொன்னார். முருகம்மாள் வந்து சொன்னபோது அம்மாவாசி தட்டைத் தூக்கி எறிந்தான். அதன்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஊர் அவளை மலடி என்றது. ஆம்பளைக்குத் தலைகுனிவு வேண்டாம் என்று அந்தப் பேரை அவளே வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் அவளுடைய அக்கா மஞ்சள் காமாலையில் செத்துப் போனாள். மூன்று வயதுப் பெண்பிள்ளை, ஜக்கம்மா, தனியாய் நின்றது. மூன்று மாதம் முருகம்மாள் வீட்டில் இருந்தது. அவள் இடுப்பை விட்டு இறங்காது. நாமே வளர்ப்போம் என்று அவள் புருஷன் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். "ஊரான் பெத்ததுக்கு நான் ஒலை வைக்கணுமா?" என்றான் அம்மாவாசி. பிள்ளையின் அப்பன் வந்து தூக்கிக்கொண்டு போனான். மலையில் ஒரு எஸ்டேட் லயத்தில், கூலியாள்களின் வரிசை வீட்டில், வைத்திருந்தான். அந்த ஆடி மாத மழையில் காய்ச்சல் கண்டு, ஜீப் இறங்க வழியில்லாமல், பிள்ளை அங்கேயே போய்ச் சேர்ந்தது. அதே வருஷம் அம்மாவாசியும் ஏஜெண்ட் ஒருவனைப் பிடித்து விமானம் ஏறினான்.

போனவன் முதலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் தேவாரம் எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசுவான். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். பெர்மிட் முடிந்துவிட்டது, வெளியே தலைகாட்டினால் பிடித்துவிடுவார்கள், அதனால் ஊருக்கு வர முடியாது என்றான். இந்த வருஷம்தான் முதலாளி அதைச் சரிசெய்து கொடுத்தாராம். பேசும்போது அவளைப் பற்றி அவன் அதிகம் கேட்டதில்லை. கறியைப் பற்றித்தான் பேசுவான். அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், குரலாவது வருகிறதே என்று.

"இங்கன ஒரு வீட்டுலயும் அம்மி கெடையாது, தெரியுமா? பாக்கெட்டுல கறித்தூளு. நம்ம ஆளுகதேன் எல்லாம். பாட்டன் காலத்துல ரப்பர் வெட்ட வந்தவுக."

அவன் சொன்னது உண்மைதான். கங்காணி பேச்சை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய சனம் கொண்டுபோனது நாக்கு ஒன்றைத்தான். அம்மியைச் சுமந்துகொண்டா கப்பல் ஏற முடியும்? விடியுமுன் ரப்பர் மரத்துக்கு ஓடுகிற பெண்பிள்ளைக்கு மசாலா அரைக்க நேரமேது? அதனால் தூள் வந்தது. எள்ளெண்ணெய் கிடைக்கவில்லை, கை நீட்டினால் தேங்காய் கிடைத்தது. பாலைப் பிழிந்து ஊற்றினார்கள். கறி பத்தாத வீட்டில் உருளைக்கிழங்கு கறியானது. மலாய்க்காரன் வந்து தின்றான், அவனுக்காகக் கொஞ்சம் இனிப்பு. சீனன் வந்து தின்றான், அவனுக்காகக் கொஞ்சம் தண்ணீர். ரொட்டியை முக்கித் தின்ன ஒரு குழம்பு, மீன் தலைக்கு ஒரு குழம்பு. இப்படியே மூன்று தலைமுறையில் நம்மூர்க் கறி நம்மூரே அடையாளம் தெரியாத கறியாகிவிட்டது. இதில் நமக்குக் கோபப்பட என்ன இருக்கிறது? நாம் நம்முடையது என்று மார்தட்டுகிற மிளகாயே யாரோ கப்பலில் கொண்டுவந்து இறக்கியதுதான்.

முருகம்மாள் எடுத்த ஏலக்காயும் அப்படித்தான். மலையில் அவள் குத்துக்காலிட்டுப் பறித்த காய் போடிக்கு வந்து, சலித்துத் தரம் பிரித்து, ஏலம் போய், அரபு நாட்டுக் காப்பியிலும் எந்தெந்த ஊர்ச் சட்டியிலுமோ விழுந்தது. அவள் கைபட்ட காய் அவளைவிட அதிக தேசம் பார்த்திருக்கும். அவள் போடியைத் தாண்டி மதுரையைக்கூட இரண்டு தடவைதான் பார்த்தாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் பத்திரம். காலையிலேயே மொக்கைச்சாமி ஊரில் அடித்த கிடாயில் ஒரு கூறு கறி வாங்கி, தேக்கிலையில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். அவனுடைய மகன்கள் இரண்டு பேரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார்கள், பெண்டாட்டி அங்கே அவர்களுக்குப் பொங்கிப் போடப் போயிருந்தாள். ஆக, அன்றைக்குச் சாப்பிட மூன்றே பேர்.

"இன்னைக்கு நீ அடுப்புப் பக்கம் வராத. நான் செய்றேன்" என்றான் அம்மாவாசி.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் அடுப்பங்கரையில் உட்கார்ந்தபோது முருகம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் பிறந்ததிலிருந்து ஒரு ஆம்பளை அவளுக்காக உலை வைத்ததில்லை. தேங்காய் துருவிப் பால் பிழிந்து கொடுத்தாள். உருளைக்கிழங்கு சீவினாள். மீதி நேரம் சுவரில் சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மியில் கை வைக்கப் போனவளை, "இன்னும் இதுலதேன் கெடக்கியா?" என்று கேலி செய்து, பையிலிருந்து கறித்தூள் பாக்கெட்டையும் அன்னாசிப் பூவையும் எடுத்து வைத்தான்.

மஞ்சளும் உப்பும் இஞ்சி பூண்டும் போட்டுக் கறியை முதலில் வேகவைத்தான். வெந்துகொண்டிருக்கும்போது ஒரு கதையும் சொல்லிக்கொண்டிருந்தான். கடைக்கு ஒரு சீனக் கிழவன் தினமும் வருவானாம். ஒரே மேஜை, ஒரே குழம்பு. ஒருநாள் உப்பு ஒரு கல் கூடிவிட்டதற்கு ஒரு வாரம் வரவில்லையாம்.

"அப்பறம்?" என்றாள் முருகம்மாள்.

"அப்பறம் நானே அவென் வீட்டுக்குப் போயிக் கூட்டிட்டு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே அவன் கரண்டியை விட்டான். வெந்த கறியில் எலும்பில்லாத இளந்துண்டாகப் பார்த்து நாலைந்து எடுத்தான். ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டான். கொஞ்சம் தெளிந்த சாறு ஊற்றினான். பிறகு விரலால் அந்தக் கறியை நாராகப் பிய்த்தான். ஒவ்வொரு நாரையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கி, எலும்புச் சில் இருக்கிறதா என்று பார்த்தான். ஊதினான். ஒரு தட்டைப் போட்டு மூடி, மேல் பலகையில், அடுப்பனல் படாத இடமாகப் பார்த்து வைத்தான். இத்தனைக்கும் சீனக் கிழவன் கதை நிற்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் கறித்தூளை அள்ளிக் கொட்டினான்.

முருகம்மாள் பலகையில் இருந்த கிண்ணத்தையே பார்த்தாள்.

பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். காரம் போடுமுன் பிள்ளைக்கு எடுத்து வைத்துவிட வேண்டும். காரம் விழுந்தபின் எடுத்துக் கழுவிக் கொடுத்தாலும் பிஞ்சு நாக்கு தாங்காது. சாமிக்குப் படைப்பதற்கு முன்கூடப் பிள்ளைக்கு எடுத்து வைப்பார்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. அந்த மூன்று மாதம் ஜக்கம்மாளுக்கு அவளே எடுத்து வைத்திருக்கிறாள். கறியைப் பிய்த்து விரலில் நசுக்கிப் பார்த்திருக்கிறாள். அது கடையில் வருகிற பழக்கம் இல்லை. அண்டா அண்டாவாகக் கறி ஆக்குகிறவன் யாருக்கு நாலு துண்டைப் பிய்த்து ஊதி வைப்பான்? அது வீட்டில், ஒரு வாய்க்காக, நாளும் பொழுதும் செய்து செய்து வருகிற பழக்கம். அந்த வேலையைச் செய்யும்போது கை எஜமானைக் கேட்காது.

ஒருவேளை தெருப் பிள்ளைகள் யாருக்காவது இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். வந்த ஒரு வாரத்தில் அவன் எந்தப் பிள்ளையையும் தூக்கிப் பார்க்கவில்லை. சாமிக்கு இருக்குமோ என்று நினைத்தாள். சாமிக்கு எலும்பு பார்ப்பார்களா? மனசு எத்தனை சந்து தேடினாலும் வந்து நிற்கிற வீடு ஒன்றாகவே இருந்தது.

மொக்கைச்சாமி வந்தான். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். குழம்பு ருசியாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். தேங்காய்ப்பாலும் சோம்பும் சேர்ந்து வழுவழுவென்று, லேசாக இனித்துக்கொண்டு தொண்டையில் இறங்கியது. காரம் மட்டும் இல்லை. மொக்கைச்சாமி மூன்று தடவை சோறு வாங்கி ஏப்பம் விட்டான்.

"ஏலே, கறின்னா இதுடா. நம்ம பொம்பளைக ஆக்குறது வெறும் மொளகாத் தண்ணி" என்று சொல்லிவிட்டு, கார் எத்தனை மணிக்கு வரும் என்று புரோக்கரைக் கேட்டு வருவதாகக் கிளம்பிப் போனான்.

அம்மாவாசி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான். முருகம்மாள் எச்சிலெடுத்து, தரையைத் துடைத்து, கையைக் கழுவினாள். பிறகு பலகையிலிருந்து கிண்ணத்தை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்துத் தட்டைத் திறந்தாள்.

"இது யாருக்குங்க?"

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். அதை அவன் அப்போதுதான் பார்க்கிறான் என்று அவன் முகமே சொன்னது. வெற்றிலை பாதி மடிப்பில் நின்றது.

"ஒனக்குத்தேன்" என்றான். "காரம் ஆகாதே ஒனக்குன்னு எடுத்து வச்சேன்."

கம்பங்கூழுக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்கிற பொம்பளை அவள். அவனுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் இருந்தது. மறந்துபோயிருந்தான். அந்த மறதிதான் அவளுக்கு முதலில் வலித்தது.

"புள்ளைக்கு என்னா வயசு?" என்று கேட்டாள்.

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். அவள் வழியில் உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை, அழவில்லை. அதனாலேயே அவனால் தாண்டிப் போக முடியவில்லை.

"ஏழு" என்றான்.

"ஏழு வயசுப் புள்ளைக்கு இன்னமும் பிச்சுக் குடுக்குறீகளா?"

"அதுக்குத் தொண்டையில ஒரு கோளாறு. சின்னதுலயே ஆப்பரேசன் பண்ணுனது. பெரிய துண்டா எறங்காது. காரமும் ஆகாது." பிறகு அவனாகவே, "கயல்விழின்னு பேரு" என்றான்.

அந்தப் பேரைச் சொல்லும்போது அவன் குரல் இளகியதை அவள் கவனித்தாள். அவனுடைய அந்தக் குரலை அவள் ஒருபோதும் கேட்டதில்லை. கேட்கிற யோகம் அவளுக்கு வாய்க்கவில்லை.

அவள் கேட்காமலே மீதியும் வந்தது. கடைக்கு எதிர்வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவளுடைய பூட்டி கம்பத்திலிருந்து போனவள். அங்கேயே பிறந்து வளர்ந்த வம்சம். கடைக்கு மசாலாக் கூட்டுகிற வேலை அவளுக்கு. புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்துப் போனான். இன்றைக்கு மொக்கைச்சாமி மெச்சிய குழம்பு அவளிடம் கற்ற குழம்புதான்.

முருகம்மாளுக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. டாக்டரம்மா சொன்னது பொய்யா? இத்தனை வருஷம் தான் சுமந்த பேர் தனக்கே உரியதுதானா? அதைக் கேட்டாள்.

"அது ஒங்களுக்குப் பெறந்ததா?"

அம்மாவாசி தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல. நான் அவ வீட்டுக்குப் போகையில அதுக்கு ஒரு வயசு. மொத ஆளுக்குப் பெறந்தது. ஆனா என்னையத்தேன் அப்பாங்கும்."

நியாயமாக அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊரான் பெற்ற பிள்ளைக்கு ஏழு கடல் தாண்டிப் போய் இவன் கறியைப் பிய்த்து ஊதி வைத்திருக்கிறான். ஊரான் பெற்ற இன்னொரு பிள்ளை லய வீட்டு ஈரத் தரையில் காய்ச்சலில் கிடந்து செத்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? ஒன்று அவள் கேட்ட பிள்ளை, மற்றது வேறொருத்தியின் பிள்ளை. அவ்வளவுதான்.

"ஜக்கம்மாளுக்கு அப்ப மூணு வயசுதேன்" என்றாள்.

அவன், ஜக்கம்மா யார் என்று யோசித்து, பிறகு நினைவு வந்து, அதன்பின் கண்ணை எடுத்துக்கொண்டான்.

வெயில் வாசல்படி வரைக்கும் வந்திருந்தது. முருகம்மாள் தட்டை எடுத்துக் கிண்ணத்தை மூடினாள். பிறகு அவள் சொன்னதை அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான். நானாக இருந்தால் விளக்கமாற்றை எடுத்திருப்பேன். அவள் எடுக்கவில்லை.

"அவுகளையும் கூட்டிட்டு வாங்க. புள்ளையையும் கூட்டிட்டு வாங்க. காட்டை விக்க வேணாம். ரோட்டோரம்தான இருக்கு, அங்கன ஒரு கொட்டகை போட்டுக் கடை வைப்பம். நான் மலைக்குப் போறத விட்டுர்றேன். புள்ளைய நான் பாத்துக்கிறேன். எனக்குப் பிச்சுக் குடுக்கத் தெரியும்."

"அவ வரமாட்டா" என்றான்.

"நான் பேசுறேன். போனு போட்டுக் குடுங்க, நானே பேசுறேன். நான் ஒண்ணும் சண்டைக்குப் போகமாட்டேன்னு சொல்றேன்."

"நீ பேசக்கூடாது."

"ஏன் பேசக்கூடாது?"

அம்மாவாசி வெற்றிலையைக் கீழே வைத்தான். கைலி நுனியால் முகத்தைத் துடைத்தான். "அங்கன பொண்டாட்டி உசுரோட இருக்கவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாக. கோயில்ல வச்சுக் கேட்டாக. எனக்கு வேற வழி தெரியல." கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ செத்துட்டேன்னு சொல்லியிருக்கேன்."

வெளியே யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். முருகம்மாள் அந்த மணிச் சத்தம் போகும்வரை காத்திருந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிச் செத்தேன்?" என்று கேட்டாள்.

"விடுத்தா."

"சொல்லுங்க. தெரிஞ்சுக்கிறேன்."

"பிரசவத்துல" என்றான்.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் அழுதாள். அவளைக் கொன்றதுகூடப் பெரிதில்லை. அவளுக்கு வாய்க்காத ஒன்றை வைத்தே கொன்றிருக்கிறான். அந்தப் பொய்யில் அவளுக்கு ஒரு வயிறு இருந்தது, அதில் ஒரு பிள்ளையும் இருந்தது. கிள்ளானில் முகம் தெரியாத சனம் அவளுக்காக உச்சுக் கொட்டியிருக்கும். உயிரோடு இருந்த ஊரில் ஒரு நாதியும் உச்சுக் கொட்டவில்லை.

அழுது முடித்து மூக்கைச் சிந்தினாள்.

"கல்லாவுல ஒக்கார வைக்கிறேன்னு சொன்னீகளே, அது?"

அவன் கீழே வைத்த வெற்றிலையை மறுபடி எடுத்தான்.

"அப்ப நாளைக்குப் பத்திர ஆபீசுல கையெழுத்துப் போடப் போறது யாருங்க?" என்று கேட்டுவிட்டு, அவள் எழுந்து உள்ளே போய்ப் பாயை விரித்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

பொழுது சாய மொக்கைச்சாமி வந்தான். அவள் கையெழுத்துப் போடமாட்டாள் என்ற சேதி தெரிந்ததும் குதித்தான். ஆம்பளைன்னா அப்படித்தேன் இருப்பான் என்றான். இவளுக்கு என்ன பிள்ளையா குட்டியா, காட்டை வைத்து யாருக்கு எழுதப் போகிறாள் என்றான். மலடிக்குப் பிடிவாதத்தைப் பார் என்று தெருவுக்கே கேட்கச் சொன்னான். பக்கத்தில் அம்மாவாசி நின்றான். அவளுக்கு அந்தப் பேர் தகாது என்று அந்த ஊரில் அவளைத் தவிர அறிந்த ஒரே ஆள் அவன்தான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முருகம்மாள் படுத்த இடத்திலிருந்து திரும்பவில்லை. அண்ணனும் தம்பியும் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை புரோக்கரின் கார் வருமுன்பே அவள் ஜீப் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டாள். பழைய சேலை, இடுப்பில் தூக்குவாளி. ஜீப்பில் வழக்கம்போல ஒருத்தி மடியில் ஒருத்தியாகப் பெண்கள் அடைந்து கிடந்தார்கள். எப்போதும் அவளோடு ஒரே வரிசையில் காயெடுக்கிற பொன்னாத்தாள் நகர்ந்து ஒரு கைப்பிடி இடம் கொடுத்தாள். ஜீப் கிளம்பி அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி, வளைவு ஏறத் தொடங்கியது.

"என்னாடி இது, புருஷன் வந்திருக்கையில எதுக்கு மலை ஏறுற?" என்றாள் பொன்னாத்தாள். "அவுக விட்டுட்டாகளா?"

"வீட்டுல ஒரு சாவு" என்றாள் முருகம்மாள்.

"ஏ ஆத்தா. ஒருத்தரும் சொல்லலையே. யாரு போனது?"

"நாந்தேன்."

ஜீப்பில் இருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்த பொன்னாத்தாள் மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள். பிறகு பக்கத்தில் இருந்தவள் நிறுத்தினாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். மெட்டு வரும்வரை அந்த ஜீப்பில் யாரும் பேசவில்லை.